தோட்டத்துக் கிணறும் லாரித் தண்ணீரும்: தாராபுரம் வட்டாரத்தில் நிலத்தடி நீர் வணிகம்

வயல், தோட்டம், காடு என்று நிலத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்வது கொங்கு நாட்டு வழக்கம். ஆற்று வாய்க்கால் பாய்வது வயல். கிணறு இருப்பது தோட்டம். வானம் பார்த்துக் கிடப்பது காடு. தாராபுரம் வட்டாரத்தில் இந்த மூன்றையும் ஒரே நாளில் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அமராவதியின் பழைய ஆயக்கட்டான அலங்கியம், தளவாய்பட்டினம், கொளிஞ்சிவாடிப் பக்கம் நெல் நிற்கும். ஆற்றை விட்டு வடக்கே குண்டடம் நோக்கிப் போனால் மக்காச்சோளம், வெங்காயம், தென்னை எல்லாம் கிணற்றை நம்பி இருக்கும். கிழக்கே மூலனூர், கன்னிவாடிப் பக்கம் முருங்கையும் கொறங்காடும்: கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல், மேய்ச்சலுக்கு ஆடும் காங்கயம் மாடும்.

வயலுக்குத் தண்ணீர் விடுவது அரசு. காட்டுக்கு விடுவது வானம். தோட்டத்துக்கு மட்டும்தான் தண்ணீர் ஒருவருடைய சொந்தச் சொத்தைப் போலத் தோன்றுகிறது. கிணறு அவருடையது, மோட்டார் அவருடையது, கீழே ஊறுவதும் அவருடையது என்ற எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. நிலத்தடி நீரை விற்பது பற்றி இந்த வட்டாரத்தில் எழும் வழக்குகளும் மனக்கசப்புகளும் பெரும்பாலும் இந்த ஓர் எண்ணத்திலிருந்து கிளைப்பவை.

பாறையும் மழையும்

தாராபுரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருவது பெரும்பாலும் காற்றுதான். அந்தக் காற்றில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் சுழல்கின்றன, மண் நனைவதில்லை. நம்பிக்கை எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழைமேல். ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு நிறைய மாறும்.

மண்ணுக்குக் கீழே இருப்பது கடினப் பாறை. டெல்டாவில் போல மணலும் களிமண்ணும் பல நூறு அடிக்கு அடுக்கடுக்காக இங்கே இல்லை. மேலே சில பத்து அடிக்குச் சிதைந்த பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள், அதற்கும் கீழே இறுகிய பாறை. தண்ணீர் தங்குவது சிதைந்த பகுதியிலும் வெடிப்புகளிலும் மட்டுமே. அதனால்தான் ஒரு தோட்டத்தில் 300 அடியில் தண்ணீர் பீறிட்டு வருவதும், வரப்புக்கு அந்தப் பக்கம் 900 அடி போட்டும் வெறும் புகையாகப் பாறைத்தூள் வருவதும் நடக்கிறது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்கு இன்றும் இங்கே வேலை இருப்பதற்கு இந்தப் பாறையின் ஒழுங்கின்மையே காரணம்.

கடினப் பாறைப் பகுதிகளில் மழையில் சுமார் பத்தில் ஒரு பங்கு நிலத்தடியில் சேரும் என்று கணக்கிடுவது நீர்வளத் துறையினர் பின்பற்றும் வழக்கம். இதை ஒரு ஏக்கருக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். 600 மில்லிமீட்டர் மழை அதன்மேல் விழுந்தால் சுமார் 24 லட்சம் லிட்டர். அதில் பத்தில் ஒன்று, அதாவது சுமார் 2.4 லட்சம் லிட்டர், கீழே இறங்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் சொன்னால் 20 லோடு. நல்ல மழை பெய்த ஆண்டில், ஒரு ஏக்கர் நிலம் ஆண்டு முழுவதும் சேர்த்து வைக்கும் நீர் அவ்வளவுதான்.

இந்த 20 லோடு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றக் கணக்குகள் எளிதாக விளங்கும்.

கவலையிலிருந்து கம்ப்ரசர் வரை

பழைய கிணறு ஒரு கூட்டுச் சொத்து. அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது நிலத்தைப் பிரிப்பார்கள், கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் பத்திரத்தில் கிணற்றில் நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று எழுதி, முறை வைத்து இறைத்தார்கள். திங்கள் பெரியவர் வீட்டு முறை, செவ்வாய் சின்னவர் வீட்டு முறை. கவலையில் மாடு கட்டி இறைத்த காலத்தில் இறைப்பின் அளவை மாட்டின் மூச்சே தீர்மானித்தது. மாடு ஓய்ந்தால் கிணறும் ஓய்ந்தது, இரவில் ஊற்று மீண்டும் ஊறியது.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவை மாவட்டத்துக்கு வந்தது. கோவைப் பட்டறைகள் மோட்டாரும் பம்பும் செய்யத் தொடங்கின. விடுதலைக்குப் பிறகு தோட்டத்துக்குத் தோட்டம் மின் கம்பி போனது. கிணறு ஆழமானது, அடியில் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் துளை போட்டார்கள். பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்தன. இந்தியா முழுக்க ஆழ்துளை போடும் தொழில் அந்த ஒரு ஊரைச் சுற்றி வளர்ந்தது கொங்கு நாட்டின் பெருமைகளில் ஒன்று. அதன் விளைவை முதலில் அனுபவித்ததும் கொங்கு நாடுதான். 1980களில் சிறு விவசாயிகளுக்கும், 1990களின் தொடக்கத்திலிருந்து எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. 1,000 அடியிலிருந்து இறைப்பதற்கும் 60 அடியிலிருந்து இறைப்பதற்கும் செலவில் வித்தியாசம் இல்லாமல் போனது.

ஆழ்துளைப் போர் வந்ததும் முறையும் போனது. ஆறு அங்குலத் துளைக்குப் பத்திரத்தில் பங்கு எழுதுவதில்லை. அது போட்டவருக்கே சொந்தம். பாறை வெடிப்பு வழியாகப் பக்கத்துத் தோட்டத்து நீரும் அதில் வந்து சேர்வதை மேலிருந்து யாரும் பார்க்க முடியாது. கோடையில் ஒருவர் கம்ப்ரசர் போட்டு இறைக்கத் தொடங்கிய சில நாளில் இரண்டு தோட்டம் தள்ளி உள்ள கிணற்றில் ஊற்று அடங்கும். காரணம் ஊருக்கே தெரியும், நிரூபிக்கத்தான் முடியாது.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் மதிப்பீடு குறுவட்டம் வாரியாக நடந்து வந்தது. 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 1,166 குறுவட்டங்களில் 462 அதிநுகர்வுக்கு உட்பட்டவை என்று வகைப்படுத்தப்பட்டன. அதாவது ஆண்டுதோறும் சேர்வதைவிட அதிகமாக இறைக்கப்படுபவை. பாதுகாப்பானவை என்று கண்டறியப்பட்டவை 427. கொங்கு மண்டலத்தின் கிணற்றுப் பாசனப் பகுதிகள் முதல் பட்டியலில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன.

திருப்பூர் எதற்காகத் தண்ணீர் தேடி வெளியே வந்தது

பின்னலாடை நகரமான திருப்பூரில் நூற்பாலைக்கும் தையல் யூனிட்டுக்கும் பெரிதாகத் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் குடிப்பது சாயப்பட்டறையும் பிளீச்சிங் பட்டறையும். பின்னலாடைத் துணியை வெளுத்து, அலசி, சாயம் ஏற்றி, மறுபடி அலசி, சோப்புக் கழுவல் கொடுத்து, நிறம் நிலைக்கச் செய்து முடிப்பதற்குள் எட்டு முறையாவது புதுத் தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். பழைய வின்ச் இயந்திரத்தில் துணியின் எடையைப்போல இருபது மடங்கு தண்ணீர் நிற்கும் என்று கொண்டால், 100 கிலோ துணிக்கு ஒரு முறைக்கு 2,000 லிட்டர், எட்டு முறைக்கு 16,000 லிட்டர். ஒரு லோடு போதாது. பிற்காலத்தில் வந்த சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் எட்டு மடங்கு தண்ணீர் போதும் என்றால் அதே வேலை 6,400 லிட்டரில் முடியும். இயந்திரத்தை மாற்றியதாலேயே மிச்சமான தண்ணீர் கொஞ்சமல்ல. நீர்ச் சேமிப்பு பற்றிய பேச்சில் இதை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு கணக்கு உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் என்று வைத்தாலும், 2,000 லிட்டர் சாயத் தொட்டிக்கு 100 கிலோ உப்பு. துணி 100 கிலோ, உப்பும் 100 கிலோ. துணி கப்பலில் போய்விடும். உப்பு எங்கும் போகாது, ஆற்றில் இறங்கும், அங்கிருந்து கிணற்றில் இறங்கும்.

நொய்யலில் அதுதான் நடந்தது. திருப்பூருக்குக் கீழே நொய்யலில் கட்டி 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காகக் கட்டப்பட்டுச் சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டினார்களோ அவர்களே அதைத் திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் கடுமையான உத்தரவுகளைப் பிறப்பித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் பாழாக்கியவர்களே செலவை ஏற்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. கழிவை முழுவதுமாகச் சுத்திகரித்து ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சில நாள்களில் ஊரே நின்றது.

நொய்யல் கதை கழிவு நீரின் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. திருப்பூரின் சொந்த நிலத்தடி நீர் இயல்பிலேயே கடினமானது, உப்புச் சுவையுள்ளது. சாயம் ஒரே சீராக ஏற மென்மையான நல்ல தண்ணீர் வேண்டும். உள்ளூர்க் கிணறுகள் கழிவால் மேலும் கெட்டதும், பட்டறைகள் நல்ல தண்ணீரைத் தேடிச் சுற்றுக் கிராமங்களுக்கு வந்தன. அங்கே கெட்ட ஒவ்வொரு கிணறும் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு நல்ல கிணற்றுக்கு வாடிக்கையாளரை அனுப்பியது. அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் டேங்கர் லாரி வணிகம் இப்படித்தான் வேரூன்றியது. விவசாயத்தில் வரவு செலவு கட்டாமல் தவித்த தோட்டத்துக்காரருக்கு அன்றாடம் கையில் காசு தந்தது தண்ணீர் மட்டுமே.

காட்சி எங்கும் ஒன்றுதான். கிணற்று மேட்டில் சிமெண்ட் தொட்டி, அதில் இரவெல்லாம் நிரப்பிய தண்ணீர். அதிகாலை ஐந்து மணிக்கு லாரி பின்னோக்கி வந்து நிற்கும். கிளீனர் மேலே ஏறி மூடியைத் திறந்து தடித்த ஹோஸைச் செருகுவார். மோட்டாரைத் தட்டினால் கால் மணி நேரத்தில் நிறையும். டைரியில் ஒரு கோடு. இட்டேரியில் லாரி போன தடம் சேறாகி, பின்னால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வேலியோரமாக ஒதுங்கி நடப்பார்கள். ஊருக்குள் முதல் சண்டை பெரும்பாலும் தண்ணீருக்காக வருவதில்லை, இந்தத் தடத்துக்காகத்தான் வருகிறது.

இதற்கு மாற்றாக வந்தது புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தின் குடிநீர்த் திட்டம். 1995இல் தொடங்கிய நிறுவனம், சுமார் 1,000 கோடி ரூபாய்ச் செலவில், பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்துவரும் குழாயைப் போட்டது. தனியார் பங்கேற்புடன் இந்தியாவில் நடந்த முதல் பெரிய குடிநீர்த் திட்டங்களில் அது ஒன்று. தொழிலுக்கான விலை அதிகம், அந்த விலையே நகரத்துக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் தண்ணீர் தர உதவும் என்பது கணக்கு. குழாய் வந்த பிறகு லாரிகளின் ஓட்டம் குறைந்தது. 2011க்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரை மீட்டுப் பட்டறைக்கே திருப்பி அனுப்பத் தொடங்கியதும் புதுத் தண்ணீரின் தேவை மேலும் சுருங்கியது. இன்றைய திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒருமுறை வாங்கிய நீரைப் பலமுறை சுற்றவிடுகிறது. நீதிமன்றக் கெடுபிடி இல்லாமல் இது நடந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

சாயப்பட்டறை விலகினாலும் சந்தை விலகவில்லை

டேங்கர் வணிகம் ஆளை மாற்றிக்கொண்டது. நகரங்கள் தாராபுரம் சாலையிலும் பல்லடம் சாலையிலும் நீண்டன. கட்டட வேலை, திருமண மண்டபம், தொழிலாளர் விடுதி, பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணை, காங்கயத்து அரிசி ஆலை, எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும். தென்னை நார்த் தொழில் இதில் தனி ரகம். நார்க்கழிவை ஏற்றுமதிக்குத் தயாராக்க அதிலுள்ள உப்பைப் பலமுறை நல்ல தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். அலசிய நீர் நிலத்தில் இறங்கினால் பக்கத்துக் கிணறு நிறம் மாறுகிறது என்ற புகார் பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் பகுதிகளில் பரவலாக எழுந்தது. 2021இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தென்னை நார்த் தொழிலை மாசற்ற வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியது.

பிறகு கேன் தண்ணீர். ஆர்.ஓ. முறையில் உப்பைப் பிரிக்கும்போது உள்ளே போகும் நீரில் கணிசமான பங்கு கழிவாக வெளியேறும். 20 லிட்டர் கேன் ஒன்று கடைக்கு வர, நிலத்திலிருந்து எடுத்தது 20 லிட்டருக்கு மேல். ஊர்க் கிணறு உப்பேறியதால்தான் ஊர்க்காரரே கேன் வாங்குகிறார். அந்தக் கேனுக்கான தண்ணீரை இன்னோர் ஊர்க் கிணறு தருகிறது.

விற்பவர் கேட்கும் கேள்வி

தண்ணீர் விற்கும் தோட்டத்துக்காரரை ஊர்க்கூட்டத்தில் நிறுத்திக் கேட்டால் அவர் திருப்பிக் கேட்கும் கேள்வி நியாயமானது. நாளைக்குப் பத்து லோடு, ஆண்டில் 300 நாள், மொத்தம் 3,000 லோடு விற்கிறார் என்று கொள்ளலாம். 3.6 கோடி லிட்டர். இதே கிணற்றை வைத்து நெல் நட்டிருந்தால்? நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால் ஏக்கருக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர், அதாவது 400 லோடு. அவர் விற்ற மொத்தத் தண்ணீரும் ஏழரை ஏக்கர் நெல்லுக்குச் சமம். ஏழரை ஏக்கர் நெல் நட்டவரை யாரும் திருடன் என்று சொல்வதில்லையே?

நாட்டளவிலான கணக்கும் அவர் பக்கம்தான் நிற்கும். இந்தியா ஆண்டுக்குச் சுமார் 250 பில்லியன் கன மீட்டர் நிலத்தடி நீரை இறைக்கிறது. உலகில் எந்த நாடும் இவ்வளவு இறைப்பதில்லை. அதில் பத்தில் ஒன்பது பங்கு பாசனத்துக்கே போகிறது. வீடும் தொழிலும் சேர்ந்து மீதி.

பாசன நீரில் ஒரு பகுதி மறுபடி கிணற்றில் இறங்குகிறது, லாரியில் போனது திரும்புவதில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது ஆழமில்லாத கிணற்றுக் காலத்தில் வலுவான வாதம். நீர்மட்டம் பல நூறு அடிக்குப் போன பிறகு, வெங்காயத்துக்குப் பாய்ச்சிய நீரில் கீழே திரும்புவது மிகச் சொற்பம். இந்த வாதத்தை மட்டும் நம்பி லாரியை எதிர்ப்பவர்கள் கணக்குப் பார்க்காதவர்கள்.

உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. பயிருக்கு இறைப்பவருக்கு அவருடைய நிலமே எல்லை. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் ஐந்து ஏக்கருக்கு மேல் பாய்ச்ச முடியாது. அறுவடை முடிந்தால் மோட்டார் நிற்கும். தண்ணீர் குறைந்தால் நெல்லை விட்டுச் சோளத்துக்குப் போவார், சோளமும் கருகினால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு அடுத்த ஐப்பசிக்குக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் கிணற்றுக்கு ஓய்வு. லாரிக்கு இந்த எல்லை எதுவும் இல்லை. அரை ஏக்கர் நிலத்தில் ஒரே ஒரு போர் இருந்தாலும், பாறை வெடிப்பு இடம் கொடுத்தால் நாளுக்குப் பத்து லோடு எடுக்கலாம். 3,000 லோடு என்பது ஏக்கருக்கு 20 லோடு வீதம் 150 ஏக்கர் நிலம் ஆண்டு முழுவதும் சேர்த்த நீர். விற்றது ஒருவர், சேர்த்தது 150 ஏக்கர். மேலும், வறட்சி முற்றும்போது பயிர்க்காரர் இறைப்பைக் குறைக்கிறார். லாரிக்காரருக்கு அப்போதுதான் விலை ஏறுகிறது. சித்திரையில் ஊற்று அடங்கும் நேரத்தில்தான் ஒரு லோடு நல்ல விலைக்குப் போகிறது. கிணறு ஓய்வெடுக்க வேண்டிய மாதங்களில் அதை ஓய்வெடுக்க விடாத ஏற்பாடு இது. இதற்கு விவசாயத்துக்கென்று கொடுத்த இலவச மின்சாரத்தைப் பயன்படுத்தினால் அது மின்சாரச் சட்டப்படியும் குற்றம். பிடிபட்டால் அபராதம் உண்டு. பிடிக்க வரும் வண்டியின் சத்தம் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே கேட்டுவிடுகிறது என்பது வேறு கதை.

ஒரு பஞ்சாலைக் கிணற்றின் வழக்கு

சட்டம் இதில் யார் பக்கம் என்று பார்க்க, இங்கிலாந்தின் லங்காஷயருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பஞ்சாலை தன் தேவைக்குக் கிணறு வெட்டி வைத்திருந்தது. பக்கத்து நிலத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதும் கிணறு வற்றியது. ஆலைக்காரர் வழக்குப் போட்டார். 1843இல் வந்த தீர்ப்பு அவருக்கு எதிரானது. நிலத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் நீரை நில உரிமையாளர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அதனால் அயலாரின் கிணறு வற்றினாலும் கேட்பதற்கில்லை என்றது. ஆக்டன் எதிர் பிளண்டெல் என்று சட்டப் புத்தகங்களில் சொல்லப்படும் இந்த வழக்கின் கருத்தே 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது. நிலத்தடியில் வரையறுத்த ஓடையாக ஓடாத நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது நிலச் சொந்தக்காரரின் உரிமை. பஞ்சாலையின் கிணற்றைக் காக்க மறுத்த சட்டம், நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு பஞ்சுத் தொழிலுக்காகத் தோட்டத்துக் கிணறுகள் வற்றியபோதும் அதே பதிலைத்தான் சொல்லக் காத்திருந்தது.

தமிழ்நாடு இதை மாற்ற முயன்ற விதம் தயக்கம் நிறைந்தது. 1987இல் சென்னைப் பெருநகருக்கு மட்டும் ஒரு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2003இல் மாநிலம் முழுமைக்குமான சட்டம் நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. பத்தாண்டு காகிதத்தில் வாழ்ந்து இறந்த சட்டம் அது. அதன் இடத்தில் 2014 ஜூலையில் ஓர் அரசாணை வந்தது. அதிநுகர்வுப் பகுதிகளில் வணிகத்துக்காக நீர் எடுக்கத் தடை, மற்றப் பகுதிகளில் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கட்டாயம் என்பது அதன் சாரம். 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஆணையை உறுதி செய்து, அனுமதியின்றி நிலத்தடி நீர் எடுப்பவர்மீது திருட்டு வழக்குப் பதியலாம் என்ற அளவுக்குப் போனது. டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2020இல் அனுமதியற்ற குடிநீர் ஆலைகளுக்குச் சீல் வைக்க உத்தரவு வந்தபோது கேன் தண்ணீர் ஆலைகளும் நின்றன. நகரங்கள் கலங்கிப்போக, அரசு சமரசத்துக்கு வந்தது. நகரத்தின் தாகமே வணிகத்தின் கேடயம் என்பதை இரண்டு முறையும் எல்லோரும் பார்த்தார்கள்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் நடந்தது இந்தியா முழுக்கத் தெரிந்த வழக்கு. பொள்ளாச்சியிலிருந்து கூப்பிடு தூரம், அதே மழை மறைவுப் பூமி. 2000இல் தொடங்கிய கோகோ கோலா ஆலையால் கிணறுகள் கெட்டன என்று ஆதிவாசிக் குடும்பங்கள் போராடின. 2003இல் பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்றார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்காமல், நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்க அனுமதித்தது. ஆனால் 2004 மார்ச்சில் மூடிய ஆலை பிறகு திறக்கவே இல்லை. சட்டத்தில் ஆலை வென்றது, ஊரில் தோற்றது.

பெருந்துறை சிப்காட்டில் அதே நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட 71 ஏக்கர் நிலம், விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2015 ஏப்ரலில் ரத்தானது. சாயக்கழிவால் கிணறு இழந்தவர்களின் பூமி அது. புதிதாக ஒருவரை நம்பும் மனநிலை அங்கே மிச்சமில்லை. 2017இல் தாமிரபரணி நீரைக் குளிர்பான ஆலைகளுக்குத் தருவதற்கு இருந்த தடையை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீக்கியது. வணிகர் சங்கங்களோ அந்தப் பானங்களைக் கடையில் வைப்பதில்லை என்று ஏற்கெனவே அறிவித்திருந்தன. இந்த மூன்று இடங்களிலும் எதிரே நின்றது பெயர்ப்பலகை வைத்த ஒரு பெரிய நிறுவனம். தாராபுரம் பக்கத்தில் அப்படி ஒரு வசதியான எதிரி இல்லை. விற்பவர் பங்காளி, லாரி மச்சானுடையது, வாங்கும் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பது வீட்டுப் பெண். கூட்டம் போட்டால் யாருக்கு எதிராகக் கோஷம் போடுவது என்பதே தெரியாத சிக்கல் இது.

சேர்ப்பதும் அளப்பதும்

சேமிப்புக்குச் சொல்லப்படும் வழிகளில் முதலாவது வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது. அமராவதி அணை 1950களின் இறுதியில் கட்டப்பட்டது. சுமார் 55,000 ஏக்கர் அதை நம்பி இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கரையோரக் கிணறுகள் ஊறுவது தாராபுரத்துக்காரர் எவருக்கும் தெரிந்ததே. ஆற்றை விட்டு விலகிய பகுதிகளுக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டக் கால்வாய். ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிந்து முறை வைத்துத் தண்ணீர் பெறுகிறது. கடைமடையான வெள்ளகோவில், காங்கயம் விவசாயிகளின் நெடுநாள் முறையீடு, கால்வாய்க் கரையை ஒட்டிக் கிணறு வெட்டி, கசிவு நீரைக் குழாய் வைத்து மைல் கணக்கில் கொண்டுபோகிறார்கள் என்பது. கிணற்று நீர் என்று பதிவேட்டில் இருப்பது உண்மையில் அயலாரின் கால்வாய்ப் பங்கு. நிலத்தடி நீருக்கும் மேல் நீருக்கும் சட்டம் போட்ட கோடு மண்ணுக்குள் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அரை நூற்றாண்டுக்கு மேல் கோரிக்கையாகவே இருந்த அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. பவானியின் உபரி நீர் ஒன்றரை டி.எம்.சி. அளவுக்கு 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றப்படுகிறது. நேரடிப் பாசனம் கிடையாது, குளத்தை நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்துவதே நோக்கம் என்பதால் இது மற்றத் திட்டங்களிலிருந்து வேறுபட்டது. பொதுப் பணத்தில் மேடேற்றிய நீர் குளத்திலிருந்து பாறைக்குள் இறங்கியதும், மேலே சொன்ன 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி, குளத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவரின் சொத்தாகிவிடுகிறது. குளத்துக்குப் பக்கத்தில் போர் போட்டு லாரிக்கு ஊற்றினால் தடுப்பது யார் என்ற கேள்விக்கு விடை காணாத வரை, நீரேற்று நிலையங்களின் மின் கட்டணத்தை யாருக்காகக் கட்டுகிறோம் என்பது தெளிவாகாது.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் மிச்சமான தண்ணீர் கிணற்றிலேயே தங்குவதில்லை. இரண்டு ஏக்கர் தென்னைக்குப் போன நீர் நான்கு ஏக்கருக்குப் போகிறது, அல்லது லாரிக்குப் போகிறது. பண்ணைக் குட்டையும் தடுப்பணையும் அப்படியே. சேர்ப்பதற்கு அரசிடம் பத்துத் திட்டங்கள் உண்டு, எடுப்பதை அளக்க ஒன்றும் இல்லை.

அளந்து வாழும் ஊர் ஒன்று மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. முன்பு அகமத்நகர் என்று அழைக்கப்பட்ட மாவட்டத்து ஹிவ்ரே பஜார் தாராபுரத்தைவிடக் குறைந்த மழை பெறும் ஊர். 1990களிலிருந்து அங்கே பாசனத்துக்கு ஆழ்துளை போடுவதில்லை, கரும்பு போன்ற தண்ணீர் குடிக்கும் பயிர்களை ஊரே கட்டுப்படுத்தியது. மழைக்காலம் முடிந்ததும் அந்த ஆண்டு எவ்வளவு சேர்ந்தது என்று கணக்கிட்டு, குடிக்க எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு, எந்தப் பயிருக்கு எவ்வளவு என்று கிராம சபையில் முடிவு செய்கிறார்கள். அந்த ஊரைப் புகழ்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே பக்கத்தில் திருப்பூர் இல்லை. நாளுக்குப் பத்து லோடு கேட்டு வாசலில் லாரி நின்றிருந்தால் அந்தக் கட்டுப்பாடு எத்தனை கோடை தாங்கியிருக்கும் என்பது சொல்வதற்கில்லை.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் ஆறு நாள்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். தாராபுரத்தில் அது பங்குனி தொடங்கிய நேரம். கார்த்திகை மழை கிணற்றில் எவ்வளவு விட்டுச் சென்றது என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும், லாரி விலை ஏறவும் இன்னும் சில வாரம் இருக்கும். திறந்த கிணறுகள் சிலவற்றில் கயிறும் டேப்பும் வைத்து மட்டம் பார்த்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் மாதாமாதம் எழுதிவைக்க ஒரு வாளி சுண்ணாம்புக்கு மேல் செலவில்லை. ஆழ்துளையின் மட்டம் கயிற்றுக்கு எட்டாது. அதற்கு மோட்டாரோடு மீட்டர் வேண்டும். மீட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே இலவச மின்சாரம் போய்விடும் என்று தோட்டத்துக்காரர்கள் பதறுவது பழைய பயம், காரணமில்லாத பயமும் அல்ல. ஆகவே முதலில் மீட்டர் வைக்கத் தகுந்த இடம் தோட்டம் அல்ல. லாரிக்கு ஊற்றும் சிமெண்ட் தொட்டியின் குழாய்தான். அங்கே ஓடும் எண்ணிக்கை ஏற்கெனவே ஒரு டைரியில் கோடு கோடாக இருக்கிறது.